எரிமலை இல்லாத ஊரிலிருந்து எரிமலை படிக்கப் போகலாமா?

கேள்வி இது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. பொறியியல் கிடைக்கும் என்று டியூஷன் சேர் சொல்கிறார். இவளோ எரிமலைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். இலங்கையில் எரிமலையே இல்லையே! இதையும் ஒரு தொழிலாகச் செய்கிறார்களா? செய்கிறவர்கள் எல்லாம் அதிலேயே செத்துப்போகிறார்கள் என்று யூடியூப்பில் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை."

நித்திரையைக் கெடுக்கும் விடயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

நீங்கள் பார்த்தது அநேகமாக காட்யா, மொரிஸ் கிராஃப்ட் தம்பதியின் கதையாக இருக்கும். பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர்கள். உலகத்தில் எங்கே எரிமலை குமுறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். படம் எடுப்பார்கள், புத்தகம் எழுதுவார்கள், அந்தக் காசில் அடுத்த மலைக்குப் போவார்கள். மொரிஸ் ஒருமுறை இந்தோனேசியாவின் இஜென் எரிமலை வாயில் இருக்கும் அமில ஏரியில் ரப்பர் படகு விட்டவர். அதை வீரம் என்று நான் சொல்லமாட்டேன். 1991 ஜூன் 3-ஆம் திகதி ஜப்பானின் உன்சென் மலையில், சுடுசாம்பலும் வாயுவும் கல்லும் கலந்து நிலத்தோடு நிலமாகப் பாய்ந்து வந்த மேகத்தில் இருவரும் அகப்பட்டு இறந்தார்கள். அன்று இறந்தவர்கள் மொத்தம் 43 பேர். அதில் எரிமலை விஞ்ஞானிகள் மூன்றே பேர்தான். மற்றவர்களில் செய்தியாளர்கள், தீயணைப்புத் தொண்டர்கள், செய்தியாளர்களை ஏற்றிவந்த டாக்சி ஓட்டுநர்கள் எல்லாம் இருந்தார்கள். பகிரப்படும் காணொளிகளில் அந்த டாக்சிக்காரர்கள் வருவதில்லை.

மூன்றாவது விஞ்ஞானி ஹரி கிளிக்கன் என்ற அமெரிக்கர். 1980-இல் வாஷிங்டன் மாநிலத்தின் சென்ற் ஹெலன்ஸ் மலையைக் கண்காணிக்கும் முகாமில் இருந்தவர் இவர்தான். மேற்படிப்பு விடயமாக அவர் கலிபோர்னியா போக வேண்டியிருந்ததால் மே 17 மாலை டேவிட் ஜோன்ஸ்டன் அந்த இடத்துக்கு வந்தார். மறுநாள் காலை மலை பக்கவாட்டாக வெடித்தது. ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தள்ளி நின்ற ஜோன்ஸ்டன் இறந்தார். வயது 30. அந்த வெடிப்பில் இறந்தவர்கள் 57 பேர். மலையைச் சுற்றியுள்ள பகுதியைப் பொதுமக்களுக்குத் திறக்கக் கூடாது என்று ஜோன்ஸ்டனும் மற்றவர்களும் பிடிவாதமாக நின்றிராவிட்டால் அந்த எண்ணிக்கை எவ்வளவோ கூடியிருக்கும். அன்று தப்பிய கிளிக்கன் அந்த மலைச்சரிவையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் எடுத்தார். 11 வருடம் கழித்து உன்செனில் இறந்தார்.

சரி, இவ்வளவையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலெராஸ் மலையிலும் ஆறு விஞ்ஞானிகள் இறந்தார்கள். ஒரு மாநாட்டுக்கு வந்து, கூட்டமாக எரிமலை வாய்க்குள் இறங்கியிருந்த நேரம் அது வெடித்தது. காயப்பட்டவர்களைத் தூக்கிவர உள்ளே ஓடியவர்களில் ஒருவர் மார்த்தா கல்வாசே என்ற கொலம்பியப் பெண் விஞ்ஞானி. மகளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமென்றால் கிராஃப்டை விட்டுவிட்டு இந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே வரும்.

எரிமலை விஞ்ஞானிகளில் பெரும்பாலானோர் எரிமலை வாயில் நிற்பதில்லை. அவதானிப்பு நிலையம் ஒன்றில், திரைகளுக்கு முன்னால், முறைவேலையில் இருக்கிறார்கள். ஆழத்திலிருந்து மக்மா என்ற உருகிய பாறைக்குழம்பு மேலே ஏறினால் பாறை நொறுங்கும், அது சின்னச்சின்ன அதிர்வுகளாகப் பதியும். மலை வீங்கும், அதைச் சரிவுமானியும் ஜிபிஎஸ்ஸும் செய்மதி ராடாரும் காட்டும். வாயு கசியும். உங்கள் மகளின் இரசாயனவியல் புத்தகத்தில் இருக்கும் அதே கந்தகவீரொட்சைட்டுத்தான். மலைக்கு மேல் உள்ள வானத்தின் ஒளியை நிறமாலைமானியால் பார்த்தால் நாளொன்றுக்கு எத்தனை தொன் வெளியேறுகிறது என்று தள்ளி நின்றே கணிக்கலாம். ஆகவே இந்தத் தொழிலில் பௌதிகம் படித்தவர், இரசாயனம் படித்தவர், கணிதம் படித்தவர், இலத்திரனியல் தெரிந்தவர் எல்லோருக்கும் இடம் உண்டு. சாம்பல் மூடிய சூரியத்தகட்டைத் துடைத்து, பெற்றரி மாற்றி, அறுந்த வயரைப் பூட்டிவிட்டு வரும் தொழில்நுட்பவியலாளர் இல்லாவிட்டால் பேராசிரியருக்கு ஆராய ஒன்றும் இருக்காது.

ஆனால் வேலையின் கடினமான பகுதி இதுவல்ல. மலையைப் படித்தறிவதை விட, படித்தறிந்ததை மற்றவர்கள் நம்பும்படி சொல்வதுதான் பெரும்பாடு.

1985 கொலம்பியா. நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனி மூடிய எரிமலை ஒரு வருடமாகவே முனகிக்கொண்டிருந்தது. எந்தெந்த ஊர் சேற்று வெள்ளத்தில் அடிபடும் என்று காட்டும் ஆபத்து வரைபடம் அந்த ஒக்டோபரிலேயே தயாராகிவிட்டது. அதை வரைந்தவர்களில் அந்த மார்த்தா கல்வாசேயும் ஒருவர். அர்மேரோ என்ற ஊர் அதில் தெளிவாக இருந்தது. நவம்பர் 13 இரவு 9 மணிக்குப் பிறகு மலை வெடித்தது. பெரிய வெடிப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலோடு கலந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, அர்மேரோவை அடைய ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. எழும்பிப் பக்கத்து மேட்டுக்கு நடந்து போயிருந்தால் பிழைத்திருக்கலாம். அதை உறுதியாகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, சொன்ன இடத்தில் சனம் நம்பவில்லை. அந்த ஒரு இரவில் 23,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சுனாமியைக் கண்ட நாட்டுக்காரர் நமக்கு இது புதிதாக விளங்கப்படுத்த வேண்டிய விடயமில்லை. நேரம் இருந்தது, தகவலும் எங்கோ ஓரிடத்தில் இருந்தது, கரையில் நின்றவருக்குத்தான் வந்து சேரவில்லை.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் 1986-இல் ஒரு குழுவை அமைத்தது. எந்த நாட்டில் எரிமலை விழித்தாலும், அழைத்தால் கருவிகளோடு போய் அந்த நாட்டு விஞ்ஞானிகளுக்குத் துணையாக நிற்பது அதன் வேலை. கிராஃப்ட் தம்பதியும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்தார்கள். சேற்று வெள்ளம் எப்படிப் பாயும், சுடுசாம்பல் மேகம் எப்படி உருளும் என்று, தாங்கள் வருடக்கணக்கில் எடுத்த படச்சுருள்களைக் கொண்டு, சாதாரண சனத்துக்கும் அதிகாரிகளுக்கும் விளங்கும்படி ஒரு விழிப்புணர்வுக் காணொளி. அவர்கள் செய்ததில் இதுதான் பெரிய வேலை என்பது என் அபிப்பிராயம்.

அது வேலை செய்ததா என்று பார்க்க பிலிப்பைன்சுக்குப் போக வேண்டும். பினதுபோ மலை 500 வருடமாகத் தூங்கியது. அதை எரிமலை என்று நினைத்தவர்களே குறைவு. 1991 ஏப்ரலில் மலைச்சரிவில் புகை கிளம்பியபோது அங்கே வாழ்ந்த அயெட்டா பழங்குடியினரும் அவர்களோடு பணிசெய்த ஒரு கன்னியாஸ்திரியும்தான் முதலில் அரசாங்க எரிமலை நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனத் தலைவர் ரைமுண்டோ புனொங்பாயன் ஆட்களை அனுப்பினார். நான் சொன்ன அந்த அமெரிக்கக் குழுவும் வந்து சேர்ந்தது. மே 13-இல் நாளொன்றுக்கு 500 தொன்னாக இருந்த கந்தகவீரொட்சைட்டு, மே 28-இல் 5,000 தொன்னைத் தாண்டியது. பிறகு திடீரென்று குறைந்தது. மலை அடங்குகிறதா, வாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறதா? இரண்டுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்.

அந்த நேரம் ஒரு விஞ்ஞானியின் நிலையை யோசித்துப் பாருங்கள். வெளியேறுங்கள் என்று சொல்லி மலை வெடிக்காவிட்டால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் விட்டு வெடித்தால் இன்னொரு அர்மேரோ. மாகாண ஆளுநர், பட்டின முதல்வர், இராணுவத் தளபதி என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் மனம் மாறினார்கள். ஜூன் 10-இல், மலைக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானப்படைத் தளம் காலியானது. ஜூன் 15-இல் மலை முழுவீச்சில் வெடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதே நாள் சூறாவளியும் சேர்ந்துகொள்ள, நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து பல நூறு பேர் இறந்தது உண்மை. ஆனால் குறைந்தது 5,000 உயிர்கள் முன்னறிவிப்பால் காப்பாற்றப்பட்டன என்று பின்னர் கணித்தார்கள். கிராஃப்ட் தம்பதி இறந்து அப்போது 12 நாள்தான் ஆகியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தோனேசியாவின் மெராபி மலைக்கு ஒரு காவலர் உண்டு. யோக்யகர்த்தா சுல்தான் நியமிக்கும் சடங்குப் பதவி அது. 2010-இல் அந்தப் பதவியில் இருந்தவர் மரிஜான் தாத்தா. 2006-இல் எல்லோரும் ஓடியபோது இவர் போகாமல் இருந்து பிழைத்தவர், அதனால் புகழும் கூடியிருந்தது. 2010 ஒக்டோபரில் விஞ்ஞானிகள் வெளியேறச் சொன்னபோதும் மறுத்தார். 26-ஆம் திகதி மாலை சுடுமேகம் அவருடைய கிராமத்தை மூடியது. அவரும் அவரோடு இருந்தவர்களும் இறந்தார்கள். அவரை முட்டாள் என்று எழுதிவிடுவது சுலபம். நம் ஊரில் கோயில் பூசகர் ஒருவர், அம்மனைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வெள்ளத்துக்குள் இருந்தால் நாம் அப்படி எழுதுவோமா? அதே நாட்களில் அரசாங்க எரிமலை நிலையத் தலைவர் சுரோனோ, ஆபத்து வலயத்தை 10, 15, 20 கிலோமீற்றர் என்று விரித்துக்கொண்டே போனார். நவம்பர் 5-இல் வந்தது அதைவிடப் பெரிய வெடிப்பு. 350 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆனால் பல்லாயிரக்கணக்கானோர் அந்த வலயத்தை விட்டு ஏற்கனவே போயிருந்தார்கள். சனம் சுரோனோவையும் 'தாத்தா' முறை வைத்தே கூப்பிட்டது. அந்த மரியாதை பட்டத்துக்குக் கிடைத்ததல்ல. தொலைக்காட்சியில் வந்து, தெருவில் பேசுகிற மொழியில் பேசியதற்குக் கிடைத்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆளுக்கு வருகிறேன். இவர் விஞ்ஞானியே இல்லை. தபாலதிபர்.

மசாவோ மிமாட்சு, ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் சோபெட்சு என்ற சின்ன ஊரின் தபாற்கந்தோரை நடத்தியவர். 1943 டிசம்பர் கடைசியில் நிலம் அதிரத் தொடங்கியது. கோதுமை வயல் ஒன்று மெல்ல மெல்ல மேலே எழும்ப ஆரம்பித்தது. போர்க்காலம், செய்தி வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆராய்ச்சிக்காரர் வந்து தங்கிப் பார்க்கும் நிலையும் இல்லை. மிமாட்சுவிடம் கருவி ஒன்றும் கிடையாது. தபாற்கந்தோரின் பின்பக்கத்தில் இரண்டு கம்பங்களுக்கு இடையே கிடையாக நூல்கள் கட்டினார். எப்போதும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும்படி நாடியை வைக்க ஒரு தாங்கி. நாடியை அதில் வைத்து, நூல்களுக்கு ஊடாக மலையின் விளிம்பு எந்த நூலைத் தொடுகிறது என்று பார்த்துக் காகிதத்தில் வரைந்தார். நாளுக்கு நாள் ஒரு கோடு, அதற்கு மேல் இன்னொரு கோடு. 1945 செப்டெம்பரில் மலை வளர்ந்து முடிந்தபோது அவரிடம் இருந்தது, ஒரு எரிமலைக் குவிமாடம் பிறந்ததிலிருந்து நின்றது வரையான முழு வரலாறு. 1948-இல் ஒஸ்லோவில் நடந்த சர்வதேச மாநாட்டில் அந்த வரைபடத்தைப் பார்த்து நிபுணர்கள் அசந்துபோனார்கள். இன்றைக்கும் 'மிமாட்சு வரைபடம்' என்றுதான் பெயர்.

இன்னும் கேளுங்கள். 1946-இல் அவர் அந்த மலையையே காசு கொடுத்து வாங்கினார். வயலை இழந்த கமக்காரருக்கு அதனால் கையில் ஏதோ வந்தது, மலையை யாரும் தோண்டி விற்காமலும் போயிற்று. ஷோவா ஷின்சான் என்ற அந்த மலை அதற்குப் பிறகும் ஒரு தனியார் சொத்தாகவே இருந்தது. காலையில் தபால் முத்திரை குத்திவிட்டுப் பின்கதவால் போய் மலையை வரைகிற மனிதர்! அவருடைய மனைவி என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

எரிமலைப் பைத்தியங்கள் வேறு விதமாகவும் உண்டு. தோமஸ் ஜகர் என்ற பேராசிரியர் 1902-இல் மார்ட்டினிக் தீவில் பெலே மலை வெடித்து ஏறத்தாழ 28,000 பேர் இறந்த நகரைப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, நடந்து முடிந்த பிறகு போய் ஆராய்வதில் பயனில்லை, மலையிலேயே குடியிருந்து பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்து 1912-இல் ஹவாயில் அவதானிப்பு நிலையம் நிறுவினார். அதற்கும் முன்னோடி, 1841-இல் இத்தாலியில் தொடங்கிய வெசூவியஸ் நிலையம். லிண்டா மொராபிட்டோ என்ற பொறியியலாளர் எரிமலை படித்தவரே இல்லை. 1979-இல் வொயேஜர் விண்கலம் அனுப்பிய படத்தை வழிகாட்டல் வேலைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வியாழனின் நிலாவான அயோவின் விளிம்பில் குடை போல ஏதோ எழும்பியிருப்பதைக் கண்டார். பூமிக்கு வெளியே முதன்முதலில் கண்ட உயிர்ப்புள்ள எரிமலை அது. பிறகு அதே நிலாவில் ரோசலி லோப்பஸ் என்ற பிரேசில் பெண் விஞ்ஞானி 71 எரிமலைகளைக் கண்டுபிடித்தார். ஆக, நெருப்புக்குப் பக்கத்தில் போகாமலே எரிமலைக்காரராக இருக்கலாம். நீங்கள் விரும்புவது இந்த வழியாக இருக்கும் என்று தெரியும். மகள் எதைத் தெரிவு செய்வாள் என்று நான் சொல்ல முடியாது.

விமானங்களுக்கு எரிமலைச் சாம்பல் பற்றி எச்சரிக்கும் நிலையங்களும் இருக்கின்றன. 1982-இல் ஜாவாவின் கலுங்குங் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் நின்று, நல்ல காலமாக மீண்டும் இயங்கி, ஜகார்த்தாவில் இறங்கியது. அதற்குப் பிறகு உருவான ஏற்பாடுதான் இது. உலகத்தைப் பங்கு போட்டு ஒன்பது நிலையங்கள், இந்தோனேசியப் பக்கத்தைப் பார்ப்பது அவுஸ்திரேலியாவின் டார்வின். 2010 சித்திரைப் புத்தாண்டன்று ஐஸ்லாந்தில் வெடித்த எரிமலை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். லண்டனிலிருந்து வருடப்பிறப்புக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் திரும்பிப் போக முடியாமல் நின்றன.

இனி இலங்கை. மகளிடம் இதைக் கதைக்கும்போது யாராவது கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி "இங்கேயும் எரிமலை இருக்கிறதே" என்பார்கள். இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய், அங்கே இயல்பாகவே உள்ள சூட்டில் சூடேறித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். நம் தீவின் பெரும்பகுதி ஐம்பது, அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம் பாறை. ஆனால் எரிமலைக்கு எல்லை கிடையாது. 1883 ஓகஸ்ட்டில் கிரக்கத்தோவா வெடித்தபோது அதன் அலை இங்கே கிழக்குக் கரையிலும் அடித்தது, அறுகம்பைப் பக்கத்தில் ஒரு பெண் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான அந்தமானின் பாரன் தீவு கொழும்பிலிருந்து சுமார் 1,600 கிலோமீற்றர்தான்.

படிப்பு விடயம். எரிமலையியல் என்று தனிப் பட்டம் இங்கே கிடையாது. தேவையும் இல்லை, பெரும்பாலான நாடுகளில் அது மேற்படிப்பில்தான் வருகிறது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் இருக்கிறது. இந்த இரண்டாவது உங்களுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு சமாதானமாக அமையலாம், பெயரில் பொறியியலும் இருக்கிறது. வெறும் பௌதிகம் அல்லது கணிதம் படித்துவிட்டும் போகலாம். நில அதிர்வைப் பார்க்கும் வேலை இங்கேயும் உண்டு. பிட்டகோட்டையில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் இருக்கிறது, பள்ளேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த நில அதிர்வுப் பதிவு நிலையம் ஒன்று இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூரின் பூமி அவதானிப்பு நிலையம், நியூசிலாந்தின் ஒக்லாந்து, பிரித்தானியாவின் பிரிஸ்டல், ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் என்று வழிகள் உண்டு. சிங்கப்பூர் நிலையம் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் மலைகளில் வேலை செய்கிறது, பெற்றோருக்குப் பக்கத்திலும் இருக்கும்.

சொந்தக்காரர் யாராவது "கல்லைப் படித்து என்ன செய்வாள்" என்று கேட்டால் ஆனந்த குமாரசுவாமியைச் சொல்லுங்கள். கொழும்பில் 1877-இல் பிறந்த தமிழர், கனிமவியல் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர், செரெண்டிபைட் என்ற புதிய கனிமத்தை உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர். பிறகு அவர் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் போய்விட்டார் என்பதை மட்டும் அந்தச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் விடலாம்.

காசைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பணக்காரத் தொழில் இல்லை. பெரும்பாலும் அரசாங்கச் சம்பளம் அல்லது பல்கலைக்கழகச் சம்பளம், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும், நிரந்தர இடங்களுக்குப் போட்டி கடுமை. எரிமலையில் கற்றதை வைத்து நிலவெப்ப மின்சாரத் துறைக்குப் போகிறவர்களும் உண்டு, அங்கே சம்பளம் பரவாயில்லை.

மகளின் ஆசை உண்மையானதா, காணொளி பார்த்து வந்ததா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் உலகத்தில் எந்தெந்த மலை என்ன செய்கிறது என்று வாராந்த அறிக்கை வெளியிடுகிறது, இலவசம். ஒரு மலையைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள், மெராபி நல்ல தெரிவு. பரீட்சை முடியும்வரை கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு கொப்பியில் அதிர்வு, வாயு, சாம்பல் உயரம் என்று குறித்து வரட்டும். பெரும்பாலான கிழமைகளில் ஒன்றும் நடக்காது. அது அவளுக்கு அலுப்புத் தட்டினால் இந்தத் தொழிலும் அலுக்கும். தட்டாவிட்டால், பெறுபேறு வந்தவுடன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் திரும்ப எழுதுங்கள். இசட் புள்ளியையும் மாவட்டத்தையும் குறிப்பிடுங்கள். பேராதனையா மொறட்டுவையா, எதை முதலாவதாகப் போடுவது என்று அப்போது பார்க்கலாம்.